ஸ்பானிஷ் மாணவருக்கு ‘புட் அப் வித்’ சொல்லிக்கொடுப்பது எப்படி

ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன நர்ஸ் ஒருவர் என்னிடம் ஆன்லைனில் ஆங்கிலம் படித்தார். வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஓர் இரவுப் பணியில், சக நர்ஸ் ஒருவர் வேகமாகக் கடந்து போகும்போது “ஆறாம் பெட் அலாரம் கான் ஆஃப்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ‘ஆஃப்’ என்றால் அணைவது என்றுதான் இவருக்குத் தெரியும். சரி, அலாரம் அடங்கிவிட்டது என்று நினைத்து, கையிலிருந்த குறிப்பேட்டை எழுதி முடிக்க உட்கார்ந்துவிட்டார். அடுத்த கூடத்தில் மருந்து பம்ப் அடித்துக்கொண்டே இருந்தது. நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் அவர் குரல் நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “நான் பள்ளியிலிருந்தே ஆங்கிலம் படித்தவள். மூன்று எழுத்துச் சொல்லில் தவறிவிட்டேன்” என்றார்.

‘கோ ஆஃப்’ அலாரத்துக்கு வந்தால் அடிக்கத் தொடங்குவது. விளக்குக்கு வந்தால் அணைவது. பாலுக்கு வந்தால் கெட்டுப்போவது. இதை அவர் பட்டியலில் படிக்காமல் இல்லை. படித்தது காதில் விழும் நேரத்தில் கைகொடுக்கவில்லை.

ஒன்பது வருஷமாக ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மட்டுமே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மெக்சிகோ, கொலம்பியா, பெரு, ஸ்பெயின் என்று பல நாட்டுக்காரர்கள். அவர்களுக்காகவே ஸ்பானிஷ் கற்றேன். இதே வேலையில் புதிதாக இறங்கும் தமிழ்த் தோழி ஒருவர், “ஃப்ரேசல் வெர்ப்பையும் மரபுத்தொடரையும் எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?” என்று கேட்டார். ‘கோ ஆஃப்’போல, வினையோடு ஒரு சிறுசொல் ஒட்டிப் புதுப்பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஸ்பானிஷ் மாணவர் உங்களிடம் வந்தால் இதை அப்படியே பயன்படுத்தலாம்.

கையில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்பானிஷ் பேசுபவருக்கு ஃப்ரேசல் வெர்ப் வராததற்குக் காரணம் சொற்பஞ்சம் அல்ல, சொல் வளம். பொறுத்துக்கொள்வதற்கு அவர்களிடம் ‘தொலெரார்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டாலரேட்’ என்று சொல்லிவிட்டால் போதும். தள்ளிப்போடுவதற்கு ‘போஸ்போனெர்’, ஆங்கிலத்தில் ‘போஸ்ட்போன்’. விசாரிப்பதற்கு ‘இன்வெஸ்திகார்’, தீயை அணைப்பதற்கு ‘எக்ஸ்தின்கீர்’. எல்லாம் லத்தீன் வழி வந்தவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் நேரடியாக லத்தீனிலிருந்தும் இதே சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. அவை அரசவையிலும் நீதிமன்றத்திலும் புத்தகத்திலும் குடியேறின. வீட்டிலும் தெருவிலும் ‘புட் அப் வித்’, ‘புட் ஆஃப்’, ‘லுக் இன்டு’, ‘புட் அவுட்’ போன்றவைதான் புழங்குகின்றன.

அதனால் ஸ்பானிஷ் மாணவர் பேசும் ஆங்கிலத்தில் பிழை இருக்காது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் அரசாணை வாசிப்பதுபோல் இருக்கும். அவர் சொல்வது எல்லோருக்கும் புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதும் இல்லை. சிக்கல் எதிர்த்திசையில்தான் வரும். எதிரில் இருப்பவர் இவருக்காகப் புத்தகச் சொல்லைத் தேடிப் பேசமாட்டார். அந்த நர்ஸுக்கு ‘வாமிட்’ தெரியும்; நோயாளி ‘த்ரோ அப்’ என்றார். ‘ஃபெயின்ட்’ தெரியும், நோயாளியின் மகள் ‘பாஸ்டு அவுட்’ என்றாள். வலி மாத்திரையின் வேகம் குறைந்ததை ஒருவர் ‘வேரிங் ஆஃப்’ என்று சொல்ல, இவர் உடையைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டார்.

தவிர்ப்பது மனித இயல்பு. 1985இல் டகுட், லாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹீப்ரு பேசும் மாணவர்களைச் சோதித்தார்கள். ஹீப்ருவில் ஃப்ரேசல் வெர்ப் போன்ற அமைப்பு கிடையாது. அந்த மாணவர்கள் ஃப்ரேசல் வெர்ப்பை ஒதுக்கிவிட்டு ஒற்றைச் சொல்லையே நாடினார்கள். ஸ்பானிஷிலும் இப்படி ஓர் அமைப்பு பரவலாக இல்லை. கூடவே லத்தீன் சொல் தயாராகக் காத்திருக்கிறது. ஆகவே தவிர்க்க இரட்டைக் காரணம்.

இதனால் நான் முதல் வகுப்பில் புதுச்சொல் எதுவும் தருவதில்லை. மாணவர் அண்மையில் ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல் ஒன்றையோ, வாட்ஸ்அப் செய்தி பத்தையோ கொண்டுவரச் சொல்வேன். அதில் ஸ்பானிஷ் சாயலுள்ள வினைகளை அவரையே அடிக்கோடிடச் சொல்வேன். ஒரு பக்கத்தில் எட்டு, பத்து கிடைக்கும். அந்தப் பத்துக்குத்தான் பேச்சுவழக்குச் சொல் தேடுவோம். அவை அவர் ஏற்கெனவே சொல்ல விரும்பிய விஷயங்கள். வேறு யாரோ தொகுத்த அகரவரிசைப் பட்டியலுக்கு இந்தப் பலம் கிடையாது. ‘கெட்’ என்ற தலைப்பின்கீழ் முப்பது வரி அச்சிட்டுக் கொடுக்கும் பயிற்சித்தாள்களை நான் கையாலும் தொடுவதில்லை. ஒரே வினையில் தொடங்கும் முப்பதும் ஒன்றோடொன்று குழம்பி, வாரக் கடைசியில் ஒன்றுகூட மிஞ்சாது.

தேடும்போது ஒரு பொறியை மட்டும் எச்சரித்துவிடுங்கள். ‘சொபொர்தார்’ என்றால் ஸ்பானிஷில் தாங்குவது, சகிப்பது. அதை நேரே ‘சப்போர்ட்’ ஆக்கி, “என் மேலாளரை என்னால் சப்போர்ட் பண்ண முடியவில்லை” என்று எழுதுவார்கள். சகிக்க முடியவில்லை என்று இவர் நினைத்தது, ஆதரிக்க முடியவில்லை என்று போய்ச்சேரும். ‘புட் அப் வித்’ தேவை என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியமே விளக்கிவிடும்.

அவர்கள் மொழியிலேயே தொடங்குங்கள்

‘இது ஆங்கிலத்தின் பைத்தியக்காரத்தனம், எங்கள் மொழியில் இப்படி இல்லை’ என்று மாணவர் சொல்வார். அங்கே நிறுத்தி, ‘கொந்தார்’ என்றால் என்ன என்று கேட்பேன். எண்ணுவது, கதை சொல்வது என்பார். ‘கொந்தார் கோன்’? ஒருவரை நம்பியிருப்பது. ‘தார்’ என்றால் கொடுப்பது. ‘தார் கோன்’ என்றால் தேடியதைக் கண்டடைவது. ‘கோன்’ என்பது ‘உடன்’ என்ற சின்னஞ்சிறு சொல். அது ஒட்டியதும் வினையின் பொருளே மாறிப்போகிறது. ‘கவுன்ட் ஆன்’ இப்படித்தான், ‘கம் அக்ராஸ்’ இப்படித்தான் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இதுவரை பார்த்த மாணவர் எல்லோரிடமும் பார்த்திருக்கிறேன்.

வினைக்குப் பின்னால் வரும் அப், அவுட், ஆஃப், ஆன் போன்றவற்றை வகுப்பில் நான் ‘கோலா’ என்பேன். ஸ்பானிஷில் வால். இனி இங்கேயும் வால் என்றே சொல்கிறேன்.

தமிழ் ஆசிரியருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. ‘குடித்தான்’, ‘குடித்துவிட்டான்’ இரண்டுக்கும் வேறுபாடு நமக்குச் சொல்லாமலே தெரியும். ‘விடு’ வந்தால் செயல் முடிந்து போயிற்று. ஸ்பானிஷில் இதே வேலையைப் பல இடங்களில் ‘செ’ செய்கிறது. ‘பெபெர்’ குடிப்பது, ‘பெபெர்செ’ மிச்சமில்லாமல் குடித்துவிடுவது. ‘ஈர்’ போவது, ‘ஈர்செ’ போய்விடுவது. ‘தொர்மீர்’ தூங்குவது, ‘தொர்மீர்செ’ தூங்கிப்போவது. ஆங்கிலத்துக்கு வாருங்கள்: ட்ரிங்க், ட்ரிங்க் அப், கோ, கோ அவே, ஸ்லீப், நாட் ஆஃப். நாம் ‘விடு’ போடும் இடத்தில் அவர்கள் ‘செ’ போடுகிறார்கள். ஆங்கிலேயர் வாலை ஒட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. ஆனாலும் மாணவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கு அதைவிடப் பெரிய பிடி. ‘லுக் ஆஃப்டர்’ என்பதை ‘பார்த்துக்கொள்’ என்றும், ‘புட் ஆஃப்’ என்பதைத் ‘தள்ளிப்போடு’ என்றும் நம் மொழியின் கூட்டுவினையாக மனசுக்குள் வைத்துக்கொண்டால், எதிரில் இருப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்பது உள்ளிருந்தே புரியும்.

இதற்கு அடியில் இன்னும் ஆழமான ஒரு வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க மொழியியலாளர் லியோனர்ட் டால்மி எடுத்துக்காட்டியது. ஒருவன் வீட்டைவிட்டு ஓடி வெளியே வந்தான். இதில் ‘வெளியே’ என்ற திசை எங்கே உட்காருகிறது? ஆங்கிலத்தில் ‘ரேன் அவுட்’. ஓடுவது வினை, திசை வாலில். ஸ்பானிஷில் ‘சலியோ கொரியேந்தோ’. வெளியேறுவது வினை, ஓடுவது அதற்கு ஒட்டு. ஸ்பானிஷ்காரர் காது திசையை வினையில் தேடிப் பழகியது. ஆங்கிலத்தில் அந்தத் திசை, வாக்கியத்தின் கடைசியில், அவர் கேட்பதை விட்டுவிட்ட இடத்தில் வந்து நிற்கிறது. அலாரம் சம்பவத்தில் அந்த நர்ஸின் காது ‘கான்’ என்பதிலேயே நின்றுவிட்டு, ‘ஆஃப்’ஐ விளக்கு சுவிட்ச்சாக எடுத்துக்கொண்டது.

அதனால் நான் தரும் முதல் பயிற்சி திசையைப் பற்றியதுதான். மாணவர் எழுந்து நிற்கவேண்டும். அறைக்குள் நடந்து போவது, குனிந்து எடுப்பது, திரும்பி வருவது என்று செய்துகொண்டே வாலை மட்டும் உரக்கச் சொல்லவேண்டும்: இன், அப், பேக், டவுன், அவே. வினையைச் சொல்லக்கூடாது. ஐந்து நிமிஷம். பெரியவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், விடாதீர்கள். வாலுக்கு ஒரு பொருள் உண்டு என்பது உடம்பில் ஏறினால்தான் பிறகு வருவதெல்லாம் ஏறும்.

ஏறுவதற்கான ‘சுபீர்’, இறங்குவதற்கான ‘பஹார்’ இரண்டையும் இங்கேயே முடித்துவிடலாம். காரில் ஏறினாலும் பஸ்ஸில் ஏறினாலும் ஸ்பானிஷில் ‘சுபீர்’. ஆங்கிலத்தில் காருக்கு ‘கெட் இன்’, பஸ்ஸுக்கு ‘கெட் ஆன்’. இறங்கும்போது ‘கெட் அவுட்’, ‘கெட் ஆஃப்’. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்த வண்டி என்றால் ‘ஆன்’, ‘ஆஃப்’. குனிந்து உட்காரத்தான் முடியும் என்றால் ‘இன்’, ‘அவுட்’. மேலே ஏறி உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் ‘ஆன்’தான்.

வாலின் தர்க்கம், அது முறியும் இடம்

‘அப்’ பல வினைகளில் முழுமையைக் காட்டும்: யூஸ் அப், க்ளீன் அப், ஃபில் அப். ‘அவுட்’ இரண்டு பக்கம் பார்க்கும். ஒன்று, மறைந்திருந்தது வெளிவருவது: ஃபைண்ட் அவுட், டர்ன் அவுட், ஒர்க் அவுட். இன்னொன்று, தீர்ந்து இல்லாமல் போவது: ரன் அவுட், டை அவுட், வேர் அவுட். ‘ஆஃப்’ ஒட்டியிருந்தது விலகுவது: டேக் ஆஃப், கட் ஆஃப், கால் ஆஃப். ஒரு வாரத்துக்கு ஒரு வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வேறு வாலைத் தொடாதீர்கள்.

தர்க்கம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். ‘கோ ஆஃப்’ அலாரத்துக்கு ஏன் தொடக்கம் ஆகிறது? அந்த நர்ஸும் நானும் அரைமணி நேரம் இதில் செலவழித்தோம். அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். ஸ்பெயினில் அலாரம் அடித்தால் ‘அலாரம் குதித்தது’ என்பார்கள். ‘சல்தார்’ என்ற வினை. அழுத்திப் பிடித்திருந்த ஸ்பிரிங் விடுபட்டுக் குதிப்பதுபோல். பிடியிலிருந்து விலகித் தெறிப்பது ‘ஆஃப்’ என்று அவர் தமக்குத்தாமே ஒரு படம் அமைத்துக்கொண்டார். அது சொல்லின் உண்மையான வரலாறா என்று நான் பார்க்கவில்லை. அவர் மறுபடி அதைத் தவறவிடவே இல்லை. வகுப்பில் எனக்கு அது போதும். மாணவர் தாமே அமைக்கும் படம், நீங்கள் கொடுக்கும் படத்தைவிட நன்றாக ஒட்டும். அவசரப்பட்டு நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்.

எத்தனை கற்றால் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று பயப்படுவார்கள். கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸ் என்ற தொகுப்பை எடுத்து, அதிலிருந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரேசல் வெர்ப் பயன்பாடுகளை எண்ணினார்கள். வெறும் 25 ஃப்ரேசல் வெர்ப்கள் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கின்றன. 100 தெரிந்தால் பாதிக்கும் மேல். நூறு என்பது மனிதர் தூக்கக்கூடிய சுமை. இந்த எண்ணைச் சொன்னதும் மாணவரின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். ஒன்றுக்கே பல பொருள் உண்டு என்பதும் உண்மைதான். ‘டேக் ஆஃப்’ விமானம் கிளம்புவதும் சட்டை கழற்றுவதும். ஆனால் அவருடைய வேலையில் புழங்கும் பொருளை மட்டும் முதலில் பிடித்தால் போதும். வரவேற்பு மேசையில் வேலை பார்த்த ஒரு பெருநாட்டு மாணவருக்கு முதல் இரண்டு மாதம் செக் இன், ஃபில் இன், ஹோல்ட் ஆன், புட் த்ரூ, கால் பேக், சார்ட் அவுட் ஆகிய ஆறைத் தவிர வேறெதையும் நான் தரவில்லை. அந்த ஆறில் அவர் நீந்தினார்.

‘இட்’ எங்கே போகும்

‘டர்ன் ஆஃப் த லைட்’ சரி, ‘டர்ன் த லைட் ஆஃப்’ சரி, ‘டர்ன் இட் ஆஃப்’ சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ மட்டும் தவறு. இலக்கணப் புத்தகம் இதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளும். ஸ்பானிஷ் மாணவருக்கு ஒரே சொல் போதும்: ‘அபாகலா’. அணை என்பது ‘அபாகா’. அதை என்பது ‘லா’. கட்டளையில் ‘லா’ வினையோடு ஒட்டிக்கொண்டுதான் வரும், இடையில் காற்றுப் புகாது. ஆங்கிலத்திலும் ‘டர்ன்’ஐ ஒட்டி ‘இட்’, பிறகுதான் வால். ‘அபாகலா’ என்று சொல்லிக்கொண்டே ‘டர்னிட்’ என்று ஒட்டிச் சொல்லி, ஒரு நொடி கழித்து ‘ஆஃப்’ சேர்க்கச் சொல்வேன். நூறு முறை.

பிரியாத கூட்டம் தனி. லுக் ஆஃப்டர், லுக் ஃபார், ரன் இன்டு, டீல் வித், கம் அக்ராஸ். இவற்றில் ‘ஹிம்’, ‘இட்’ எல்லாம் கடைசியில்தான். ஆஃப்டர், ஃபார், இன்டு, வித் ஆகியவை வந்தால் பிரிக்காதே என்று சொல்லிவைக்கலாம். ஆன், ஆஃப், ஓவர் மூன்றும் இரண்டு பக்கமும் நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’, ஆனால் ‘கெட் ஓவர் இட்’. இவற்றைத் தனித்தனியாக, ‘இட்’ சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ‘கெட் ஓவர்’ என்று எழுதிவைக்காமல் ‘கெட் ஓவர் இட்’ என்றே குறிப்பேட்டில் எழுதவேண்டும்.

காது

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிரியக்கூடிய ஃப்ரேசல் வெர்ப்பில் அழுத்தம் பொதுவாக வாலில் விழும். ‘பிக் இட் அப்’ என்பதில் உரக்க வருவது ‘அப்’. அதுவே பெயர்ச்சொல்லாகிவிட்டால் அழுத்தம் முன்னால் ஓடிவிடும். தமிழில் நாம் ‘செட்டப்’, ‘பேக்கப்’ என்று கடன் வாங்கியிருப்பது பெயர்ச்சொல்லைத்தான். அழுத்தம் ‘செட்’டில், ‘பேக்’கில். வினையாகச் சொல்லும்போது ‘அப்’பில் அடிக்கவேண்டும். ஸ்பானிஷ் மாணவர் பலர் இரண்டையும் ஒரே மாதிரி, எல்லா அசைக்கும் ஒரே நீளம் கொடுத்துச் சொல்வார்கள். அவர்கள் மொழியின் தாளம் அது. கேட்பவருக்கு வால் மங்கிப்போகும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, வால் வரும்போது மட்டும் உள்ளங்கையால் அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சொற்கள் ஒட்டிக்கொள்வது. ‘பிக் இட் அப்’ யார் வாயிலும் மூன்று சொல்லாக வராது; ‘பிக்கிட்டப்’. அமெரிக்கர் வாயில் நடுவிலுள்ள ‘ட்’ இன்னும் இளகி, ஏறக்குறைய ‘பிக்கிரப்’ ஆகிவிடும். இங்கே ஸ்பானிஷ்காரருக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. அமெரிக்கரின் அந்த இளகிய ‘ட்’டும், ஸ்பானிஷில் ‘பேரோ’ என்ற சொல்லில் வரும் ஒற்றை ‘ர’வும் நாக்கின் ஒரே தட்டல். ‘கெட் அவுட்’ என்பதை ‘கெரவுட்’ என்று உங்கள் ‘ர’ போட்டுச் சொல்லுங்கள் என்றால் சட்டென்று வந்துவிடும்; கேட்கவும் தொடங்கிவிடும். இதுவரை சத்தக் குழம்பாக இருந்தது சொற்களாகப் பிரிந்தது என்று ஒரு மெக்சிகோ மாணவர் சொன்னபோது, அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று சின்னது: ‘ஸ்டான்ட் அப்’ என்பதை ‘எஸ்டான்ட் அப்’ என்பார்கள். புரிந்துகொள்வதற்கு இடைஞ்சல் இல்லை. திருத்துவதைப் பின்னுக்குத் தள்ளலாம்.

வீட்டுப் பயிற்சி இது. இயல்பாக இருவர் பேசும் முப்பது நொடி ஒலிப்பதிவு ஒன்று. மாணவர் வால்களை மட்டும் எழுதவேண்டும், வேறொரு சொல்லும் வேண்டாம். முதல் முறை இரண்டு கிடைக்கும். ஐந்தாம் முறை எல்லாம் கிடைக்கும். பிறகு அந்த வால்களுக்கு முன்னால் எந்த வினை வந்தது என்று நினைவிலிருந்து நிரப்பவேண்டும். நாளுக்குப் பத்து நிமிஷம். ஆறு வாரம் விடாமல் செய்தவர்கள் வந்து சொல்வது எல்லாம் ஒன்றுதான்: வால் இப்போது தானாகக் காதில் விழுகிறது.

மரபுத்தொடரை அளந்து கொடுங்கள்

மாணவர்கள் ஃப்ரேசல் வெர்ப்புக்குப் பயப்படுவார்கள், மரபுத்தொடருக்கு ஆசைப்படுவார்கள். பூனையும் நாயுமாக மழை பெய்யும் தொடரைக் கற்காமல் வந்த மாணவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதை நேர்ப்பேச்சில் சொன்ன ஆங்கிலேயர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ‘இட்ஸ் போரிங்’ என்று, ஊற்றுகிறது என்ற பொருளில், இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஸ்பானிஷில் குடம் குடமாகப் பெய்யும்; ‘ஊற்றுகிறது’ அதற்கு அடுத்த வீடு. அதைக் கொடுங்கள்.

நான் மரபுத்தொடர்களை மாணவரின் மொழியோடு ஒப்பிட்டுத்தான் கொடுக்கிறேன். சில ஒரே படம்: பனிக்கட்டியை உடைப்பது, வைக்கோற்போரில் ஊசி தேடுவது, துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொள்வது. இவற்றை ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும், நேரம் செலவிடவேண்டாம். சில ஏறக்குறைய ஒரே படம், ஆபத்து இங்கேதான். ஆங்கிலத்தில் ஒரு கல்லில் இரண்டு பறவை, ஸ்பானிஷில் ஒரு குண்டில் இரண்டு பறவை, நமக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மாணவர் கல்லுக்குப் பதில் குண்டு போட்டுவிடுவார். புரியும், ஆனால் மரபுத்தொடரில் ஒரு சொல் மாறினால் வேற்று ஆள் என்பது உடனே தெரிந்துவிடும். சில, பொருள் ஒன்று படம் வேறு: விலை அதிகம் என்பதற்கு ஸ்பானிஷில் முகத்திலிருந்து ஒரு கண்ணைக் கொடுக்கவேண்டும், ஆங்கிலத்தில் ஒரு கையும் ஒரு காலும். முடிவெடுக்க ஓர் இரவு அவகாசம் கேட்டால் ஸ்பானிஷில் தலையணையிடம் ஆலோசனை. ஆங்கிலத்தில் ‘ஸ்லீப் ஆன் இட்’. எளிதான வேலை ஸ்பானிஷில் தின்று முடித்த ரொட்டி, ஆங்கிலத்தில் ஒரு துண்டு கேக். இவை மனசில் நன்றாக நிற்கும், ஏனென்றால் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கடைசியாக, படம் ஒன்று, பொருள் வேறு என்ற வகை. ஆங்கிலத்தில் ஒருவரின் காலை இழுத்தால் கேலி செய்வது. ஸ்பானிஷில் அதற்கு முடியைப் பிடிப்பார்கள். தமிழில் காலை வாரினால் அது துரோகம். இந்த ஒன்றைச் சொல்லி, அறிமுகமான படத்தைக் கண்டதும் நம்பிவிடக்கூடாது என்று என் மாணவர்களுக்கு விளக்குகிறேன்.

மரபுத்தொடரைப் புரிந்துகொள்வதற்குக் கற்பது வேறு, சொல்வதற்குக் கற்பது வேறு. புரிந்துகொள்ள இருநூறு வேண்டும் என்றால் சொல்ல இருபது போதும். மாணவர் ஒன்றை மூன்று வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் தாம் சொல்லத் தொடங்கவேண்டும் என்பது என் வகுப்பின் விதி. யார் சொன்னார்கள், எந்தச் சூழலில், கோபமாகவா சிரித்துக்கொண்டா என்று குறிப்பேட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் மொழிபெயர்ப்பைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

நாள்தோறும்

குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஃப்ரேசல் வெர்ப். மேலே மாணவர் இதுவரை சொல்லிவந்த லத்தீன் சொல், ஸ்பானிஷில். கீழே ஆங்கிலம், ‘இட்’ சேர்த்து. அதன்கீழ் தம் வாழ்க்கையில் நேற்று நடந்த உண்மையான ஒரு சம்பவம், ஒரே வாக்கியத்தில். கற்பனை வாக்கியம் கூடாது. “நான் பல் மருத்துவரை மூன்றாவது முறையாகப் புட் ஆஃப் செய்தேன்” என்று எழுதிய மாணவருக்கு அது மறக்கவே மறக்காது. எழுதிய அன்றிரவு, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று நாலு முறை ஆங்கிலத்தை மூடிக்கொண்டு மேலிருக்கும் ஸ்பானிஷைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

லத்தீன் சொற்களை இகழக் கற்றுக்கொடுக்காதீர்கள். மருத்துவ அறிக்கையில் ‘த்ரூ அப்’ என்று எழுதக்கூடாது, ‘வாமிட்டட்’தான். ஆய்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் அவர்களுடைய லத்தீன் வளம் பெரும் சொத்து. தேர்வுக் கட்டுரையில் ஃப்ரேசல் வெர்ப்பை வாரி இறைத்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லிக்கொடுப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். முறைப்படி எழுதவேண்டிய கட்டுரையில் அது உறுத்தும். அந்த நர்ஸுக்கு நான் சொன்னது: வாயால் பேசும்போது வால், தாளில் எழுதும்போது லத்தீன்.

பேச்சின் நடுவில் வால் மறந்துபோனால் நிற்கக்கூடாது. ‘டாலரேட்’ என்றே சொல்லிவிட்டு மேலே போகவேண்டும். அன்று இரவு குறிப்பேட்டில் அந்த இடத்தைக் குறித்துவைத்தால், அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குவேன். நர்ஸின் குறிப்பேட்டில் இப்படிக் குறித்த இடங்கள் முதல் மாதம் நாற்பத்தொன்று இருந்தன. ஆறாம் மாதம் ஏழு. அந்த ஏழில் ஐந்து, ‘கெட்’ என்ற வினையில் தொடங்குபவை. இப்போது நாங்கள் அவற்றில்தான் இருக்கிறோம், ஒரு வாரத்துக்கு ஒன்றாக.